பின் கியர் விழலையா? பணம் கொடுக்கும் முன்னே பழுதைக் கண்டுபிடிப்போம்!



நம்ம சடையங்குப்பம் பக்கம் சைக்கிள் விளையாட்டுச் சாமான் இல்லை. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறது அதுல. மணலி கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போறது அதுல. ரேஷன் அரிசி மூட்டை வீட்டுக்கு வர்றது அதோட கேரியர்ல. 2011-ல் நம்ம ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் பஸ் நிறுத்தம் வரைக்கும் போக இன்னும் பல பேருக்கு சைக்கிள்தான் கால்.

முன்னெல்லாம் ஒரே ஒரு பல்சக்கரம் வைத்த சாதா சைக்கிள். இப்ப பிள்ளைங்க கேட்பது கியர் சைக்கிள். "அம்மா, 21 கியர் சைக்கிள்தான் வேணும்" என்று அடம்பிடித்து வாங்குகிறார்கள். குழுவில் உள்கடன் எடுத்து வாங்கிக் கொடுத்தவங்களும் நம்மில் உண்டு. ஆறு மாசம் நல்லா ஓடும். அப்புறம் ஆரம்பிக்கும்.

"கியர் மாத்தினா விழ மாட்டேங்குது."
"தானா வேற கியருக்குத் தாவுது."
"ஏறி மிதிச்சா பெடல் சறுக்குது."
"செயின் கழண்டு கம்பிக்குள்ள மாட்டுது."

கடைக்குக் கொண்டுபோனால் சில நேரம் ஒரே பதில்தான் கிடைக்கும். "பின் கியர் செட்டே போச்சும்மா, முழுசா மாத்தணும்." சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். பல சமயம் பழுது ஒரு துருப்பிடித்த கம்பியில் இருக்கும். அந்தக் கம்பியின் விலை சில பத்து ரூபாய். முழு செட்டும் மாத்தினால் பல நூறு ரூபாய். தவணை கட்டி முடிக்காத சைக்கிளுக்கு மறுபடியும் கடன் வாங்கலாமா?

பணம் மட்டும் இல்லை, உயிரும் இருக்கு. கன்டெய்னர் லாரியும் டேங்கர் லாரியும் ஓடுகிற ரோட்டில்தான் நாமும் நம்ம பிள்ளைகளும் போகிறோம். எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் தாவினால் சைக்கிள் ஒரு பக்கம் சாயும். அந்த ஒரு நொடி போதும். அதனால் "கியர் சரியா விழல" என்பதைச் சின்ன விஷயமா விடக்கூடாது.

ஓட்டக் கற்றோம், ஸ்பேனர் பிடித்தோமா?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததைப் பெரியவங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரியில் உழைத்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். ஊர் கேலி பேசியது. அவங்க நிறுத்தவில்லை.

பிறகு 2001-02-ல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2005-06-ல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மேல்நிலை மாணவ மாணவியர் எல்லாருக்கும் அந்தத் திட்டம் விரிந்தது. இன்று பெண் சைக்கிள் ஓட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் செயின் கழண்டால்? "யாராவது அண்ணன் வரட்டும்" என்று ரோட்டோரம் நிற்கிறோம். ஹேண்டில் பார் நம்ம கைக்கு வந்துடுச்சு. ஸ்பேனர் இன்னும் வரல. எல்லாரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. காய்ச்சலா, சளியா என்று தாய் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அதன் பிறகு டாக்டரிடம் போவாள். சைக்கிளுக்கும் அந்த அளவு தெரிந்தால் போதும்.

கியர் எப்படி வேலை செய்யுது?

பயப்படாதீங்க, ரொம்ப எளிசு. பின் சக்கரத்தில் பெரிசும் சின்னதுமாக ஏழு பல்சக்கரம் அடுக்கியிருக்கும். முன்னாடி பெடல் பக்கம் மூன்று. ஏழை மூன்றால் பெருக்கினால் 21. அதைத்தான் 21 கியர் என்கிறார்கள்.

முன்னாடி 42 பல் என்று வைத்துக்கொள்வோம். பின்னாடி 14 பல் சக்கரத்தில் செயின் இருந்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின் சக்கரம் மூன்று சுற்று சுற்றும். வேகம் வரும், மிதிக்கக் கஷ்டம். அதே செயின் 28 பல் சக்கரத்தில் இருந்தால் ஒன்றரை சுற்றுதான். வேகம் குறையும், மிதிக்க லேசு. மேம்பாலம் ஏறவும் எதிர்காற்றில் போகவும் பெரிய பல்சக்கரம். சமமான ரோட்டுக்கு நடு. இவ்வளவுதான் கணக்கு.

செயினை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தள்ளுவது யார்? பின் சக்கரத்தின் வலது பக்கம் கீழே தொங்குகிற ஒரு கை. அதில் இரண்டு குட்டிச் சக்கரம் இருக்கும். அதைப் 'பின் கியர் கை' என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டில் பாரில் இருக்கும் லீவரிலிருந்து ஒரு கம்பி, அதான் கேபிள், இந்தக் கை வரைக்கும் வருது. லீவரைத் தள்ளினால் கம்பி இழுக்கும், கை உள்ளே நகரும், செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும். லீவரை விட்டால் கம்பி தளரும். கைக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். செயின் சின்ன பல்சக்கரத்துக்கு இறங்கும்.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க: ஏத்துறது கம்பி, இறக்குறது ஸ்பிரிங். பாதி பழுதை இந்த ஒரு வரியே காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் பந்தய வீரர்களே திண்டாடினார்கள். பிரான்ஸ் நாட்டில் 1903-ல் தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தில் 1937 வரை இந்த வகை கியருக்கு அனுமதி இல்லை. மலை ஏற வேண்டுமானால் வீரர் கீழே இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி மாட்டுவார். அந்தப் பக்கம் வேற அளவு பல்சக்கரம் இருக்கும். லீவரை ஒரு தட்டு தட்டினால் 'டிக்' என்று ஒரே ஒரு கியர் மாறும் வசதியை 1980-களில் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி பரவலாக்கியது. அந்த 'டிக்' சரியா விழணும்னா கம்பியின் இழுவை துல்லியமா இருக்கணும். நம்ம வீட்டு சைக்கிளில் கெடுவதும் முதலில் அதுதான்.

வரிசையாகப் பார்ப்போம்

பழுது பார்ப்பதில் முக்கியமான விதி ஒன்று. செலவில்லாததை முதலில் பார்க்கணும், செலவானதைக் கடைசியில் பார்க்கணும். ஸ்க்ரூவை முதலிலேயே கண்டபடி திருகினால் இருந்த பழுதோடு புதுப் பழுதும் சேரும்.

வெளிச்சமான இடத்தில் வண்டியை நிறுத்துங்க. ஒருத்தர் சீட்டைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கட்டும். இன்னொருத்தர் பெடலைக் கையால் மெதுவா முன்பக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு கியராக மாற்றட்டும். செயினும் பல்சக்கரமும் சேரும் இடத்தில் விரல் வைக்கவே கூடாது. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீங்க, விரல் மாட்டினால் துண்டாகிவிடும். சேலை முந்தானை, துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொள்ளுங்க.

1. அழுக்கு: செயின், பல்சக்கரம், குட்டிச் சக்கரம் இவற்றில் கருப்பா கெட்டியான அழுக்கு அப்பியிருக்கா? பல்லுக்கு இடையில் நூல், தலைமுடி, பிளாஸ்டிக் கயிறு சுற்றியிருக்கா? பழைய டூத் பிரஷ்ஷும் துணியும் வைத்துத் துடையுங்க. இதற்கே பாதி சத்தம் நிற்கும்.

2. பின் சக்கரம்: சக்கரம் நேரா உட்கார்ந்திருக்கா? பின்னாலிருந்து பாருங்க. டயர் இரண்டு பக்கக் கம்பிக்கும் நடுவில் இருக்கணும். பங்க்சர் ஒட்டிய பிறகுதான் கியர் கெட்டது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது கொஞ்சம் சாய்ந்திருக்கும். விலை குறைந்த பல சைக்கிள்களில் பின் கியர் கையே அந்த அச்சோடு சேர்த்துத்தான் மாட்டியிருக்கும். சக்கரம் சாய்ந்தால் கையும் சாயும். நட்டைத் தளர்த்தி, நேராக வைத்து இறுக்கினால் போதும், பைசா செலவில்லை.

3. கம்பி: இதுதான் பெரிய குற்றவாளி. இரண்டு கேள்வி கேளுங்க.

பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மாட்டேங்குதா? அப்படின்னா கம்பி தளர்ந்திருக்கு. புது கம்பி ஓட ஓடக் கொஞ்சம் தொய்வு கொடுக்கும். புது சைக்கிள் வாங்கிய சில வாரத்திலேயே இது வருவது சகஜம். கம்பி, கைக்குள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய ஒரு சின்னத் திருகு இருக்கும். அது வெளியே வருகிற மாதிரி கால் சுற்று திருகுங்க. கம்பி இறுகும். மறுபடி சோதியுங்க. போதவில்லையா, இன்னும் கால் சுற்று. அவசரப்பட்டு மொத்தமாகத் திருகாதீங்க.

சின்ன பல்சக்கரத்துக்கு இறங்க மாட்டேங்குதா? அப்படின்னா ஸ்பிரிங் தள்ளுது, ஆனா கம்பி உறைக்குள் ஒட்டிக்கிட்டு விட மாட்டேங்குது. உறைக்குள் துரு, மண் அல்லது எங்கேயோ ஒரு மடிப்பு. கம்பி அளவுக்கு மேல் இறுகியிருந்தாலும் இப்படி ஆகும். அதற்கு அந்தத் திருகை உள்ளே போகிற மாதிரி கால் சுற்று திருகிப் பாருங்க. சரியாகவில்லை என்றால் துருதான். கம்பியின் நுனி பிரிந்து முள் முள்ளா நிற்குதா, உறை வெடித்திருக்கா என்று பாருங்க. இருந்தால் உள் கம்பியையும் உறையையும் சேர்த்து மாத்தணும். உறையை விட்டுக் கம்பியை மட்டும் மாத்தினால் பழைய துரு புதுக் கம்பியையும் பிடிக்கும்.

4. வளைந்த கை: சைக்கிள் வலது பக்கமா விழுந்துச்சா? யாராவது அடுத்த சைக்கிளை அதன் மேல் சாய்ச்சு வெச்சாங்களா? பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்க. இரண்டு குட்டிச் சக்கரமும் பல்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில், தொங்கவிட்ட கயிறு மாதிரி இருக்கணும். கீழ்ச் சக்கரம் ஸ்போக்ஸ் கம்பி பக்கம் சாய்ந்திருந்தால், கை மாட்டியிருக்கும் தகடு வளைந்திருக்கு. இதற்குக் கம்பியை எத்தனை தடவை திருகினாலும் பலன் இல்லை. அனுபவமுள்ளவர் தகட்டை நிமிர்த்தணும், அல்லது மாத்தணும். வீட்டில் சுத்தியலால் தட்டாதீங்க.

5. எல்லை ஸ்க்ரூ: கையின் மேல் இரண்டு சின்ன ஸ்க்ரூ பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் 'ஹெச்', இன்னொன்றில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 'ஹெச்' ஸ்க்ரூ, செயின் சின்ன பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் தடுப்பது. 'எல்' ஸ்க்ரூ, பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழாமல் தடுப்பது. கொல்லைக்கு இரண்டு பக்கமும் வேலி போட்ட மாதிரி. நடு கியர்களில் கோளாறு என்றால் இந்த ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செயின் ஸ்போக்ஸுக்குள் விழுகிறது என்றால் அன்றைக்கே சரிசெய்யணும். ஓடும்போது விழுந்தால் சக்கரமே பூட்டிக்கொள்ளும், கியர் கையும் பிய்ந்துவிடும்.

6. இறுகிய கண்ணி: பெடல் நாலைந்து முறை சுற்றுவதற்குள் ஒரு தடவை 'டக்' என்று குதிக்குது. மறுபடி அதே இடைவெளியில் குதிக்குது. அப்படியானால் செயினில் ஒரு கண்ணி துருப்பிடித்து மடங்காமல் நிற்குது. பெடலை மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றுங்க. குட்டிச் சக்கரத்தைத் தாண்டும்போது நிமிராமல் முட்டிக்கிட்டு வருகிற கண்ணி அதுதான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு கையாலும் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

7. தேய்ந்த செயின்: கடைசியில் இது. பிள்ளைங்க பள்ளிக்கூடத்து 12 இஞ்ச் ஸ்கேலே போதும். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்க. ஒவ்வொரு பின்னுக்கும் இடையில் அரை இஞ்ச். அந்தப் பின்னை ஒன்று என்று எண்ணினால் 25-வது பின் சரியா 12 இஞ்ச்சில் வரணும். ஒரு இஞ்ச்சில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலா இருந்தால் செயினை மாத்தும் நேரம் வந்துடுச்சு. எட்டில் ஒரு பங்கு கூடுதலா இருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே பின்னும் துளையும் தேய்வதால்தான் செயின் நீளுது. நீண்ட செயின் பல்லையும் அறுக்கும். அதனால் செயினை நேரத்தோடு மாத்தினால் பல்சக்கரம் பிழைக்கும்.

புது செயின் போட்ட பிறகு ஒரே ஒரு கியரில் மட்டும் சறுக்குதா? அந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கு. பல்லின் முனை சுறா மீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கமா வளைந்து கூர்மையா இருக்கும். நல்ல பல் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்.

கியர் இல்லாத சைக்கிளா?

மேலே சொன்ன அழுக்கு, சக்கரம், கண்ணி, தேய்மானம் எல்லாம் சாதா சைக்கிளுக்கும் பொருந்தும். கூடவே இரண்டு விஷயம்.

செயின் அடிக்கடி கழண்டால் அதன் தொய்வைப் பாருங்க. முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவில் செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்க. மொத்தம் அரை இஞ்ச் ஆடினால் சரி. ஒரு இஞ்ச்சுக்கு மேல் என்றால் தொய்வு. பின் அச்சின் இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பின்னே இழுத்து இறுக்குங்க. ரொம்ப டைட்டா வைக்காதீங்க, மிதிக்கக் கனக்கும். சக்கரத்தை நகர்த்திய பிறகு பிரேக் பிடிக்குதா என்று கட்டாயம் சோதியுங்க.

பெடல் சும்மா சுற்றுது, சக்கரம் நகரல என்றால் ப்ரீவீல் கோளாறு. மிதிக்காமல் போகும்போது 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது ப்ரீவீலுக்குள் இருக்கும் சின்னக் கொக்கிகள் பல்லின் மேல் தாவுகிற சத்தம். மிதிக்கும்போது அந்தக் கொக்கி பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கும். உள்ளே பழைய கிரீஸ் இறுகிப்போனால் கொக்கி எழும்பாது. வண்டியைப் படுக்கப் போட்டு, இடுக்கில் கொஞ்சம் டீசல் விட்டுச் சுற்றி, அழுக்கு வெளியே வந்த பிறகு மெல்லிய எண்ணெய் விடுங்க. அப்படியும் சும்மா சுற்றினால் ப்ரீவீல் மாத்தத்தான் வேணும். அந்த சைக்கிளை மெயின் ரோட்டில் ஓட்டக்கூடாது.

நம்ம ஊர் காற்றும் வெள்ளமும்

ஒரே கம்பெனி சைக்கிள் திருவண்ணாமலையில் நல்லா ஓடும், எண்ணூர் பக்கம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஏன்? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேரும் எண்ணூர் கழிமுகம். உப்புக்காற்று இரும்பை விடாது. அதோடு லாரி கிளப்பும் தூசி. உப்பு கம்பியைத் துருவாக்கும், தூசி செயினை அரம் மாதிரி அறுக்கும்.

வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2021 நவம்பரில் பூண்டி ஏரி உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து மணலி புதுநகர் பக்கம் புகுந்ததை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. இப்படிப்பட்ட தண்ணியில் நின்ற சைக்கிளை அப்படியே எடுத்து ஓட்டக்கூடாது. மேலே பளபளப்பா எண்ணெய் தெரிந்தாலும் அது செயினுக்குப் போடும் எண்ணெய் இல்லை. சேறும் மணலும் கலந்த பிசுபிசுப்பு.

என்ன செய்யணும்? நல்ல தண்ணியில் கழுவுங்க. உப்புத் தண்ணி வேண்டாம். வெயிலில் காய வையுங்க. செயினையும் பல்லையும் டீசல் நனைத்த துணியால் துடையுங்க. இதை அடுப்புப் பக்கம் செய்யக்கூடாது. பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிஷம் விட்டு மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்க. எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே இருந்தால் தூசியைத்தான் கூப்பிடும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. நம்ம உறுப்பினர்கள் பலர் வீட்டில் அது இருக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஒட்டும். வண்டியில் கழித்த பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும். மற்ற ஊரில் மாதம் ஒரு முறை எண்ணெய் விட்டால் போதும். நம்ம ஊரில் வாரம் ஒரு முறை துடைத்து எண்ணெய் விட்டால்தான் சரிப்படும்.

ஓட்டும் முறையும் முக்கியம். நிற்கும்போது லீவரைத் திருகாதீங்க. பெடல் சுற்றிக்கொண்டே, அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு கியராக மாற்றணும். பாலம் ஏற ஆரம்பித்த பிறகு மாற்றுவதைவிட, ஏறுவதற்கு முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. முன்னாலும் பெரிசு, பின்னாலும் பெரிசு என்று செயினைக் குறுக்கே இழுக்க வைக்காதீங்க. இதையெல்லாம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க.

கடையில் எப்படிப் பேசுவது?

"கியர் வேலை செய்யல, பாருங்க" என்று சொல்லி விட்டுவிட்டு வராதீங்க. இப்படிச் சொல்லிப் பாருங்க: "அண்ணே, சின்னதுக்கு இறங்க மாட்டேங்குது. பெரிசுக்கு நல்லா ஏறுது. கம்பி உறைக்குள்ள துரு இருக்கும்னு நினைக்கிறேன். அதை மட்டும் முதல்ல மாத்திப் பாருங்க."

நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது, சந்தோஷம்தான் வரும். அவருக்கும் அரை மணி நேரம் மிச்சம். வேலைக்கு முன்பே எவ்வளவு என்று கேளுங்க. கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்க. அடுத்த முறை எது தேய்ந்தது என்று உங்களுக்கே தெரியும்.

வெட்டி எடுத்து வீட்டில் ஒட்டி வையுங்கள்

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறல – கம்பி தளர்வு.
சின்ன பல்சக்கரத்துக்கு இறங்கல – கம்பியில் துரு, அல்லது இறுக்கம் அதிகம்.
பங்க்சர் ஒட்டிய பிறகு கோளாறு – சக்கரம் சாய்ந்திருக்கு.
கீழே விழுந்த பிறகு கோளாறு – தகடு வளைந்திருக்கு.
ஒரே இடைவெளியில் குதிக்குது – கண்ணி இறுகியிருக்கு.
அழுத்தி மிதித்தால் எல்லா கியரிலும் சறுக்குது – செயின் தேய்மானம்.
ஒரே கியரில் மட்டும் சறுக்குது – அந்தப் பல்சக்கரம் தேய்மானம்.
ஸ்போக்ஸுக்குள் செயின் விழுது – 'எல்' ஸ்க்ரூ தளர்வு அல்லது தகடு வளைவு. அன்றே கடைக்கு!
பெடல் சும்மா சுற்றுது – ப்ரீவீல்.

குழுவாகச் செய்தால் சுலபம்

ஒவ்வொரு வீட்டிலும் டூல்ஸ் வாங்க வேண்டாம். குழுவுக்கு ஒரு செட் போதும். சைக்கிள் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், எல்-கீ, பிரஷ், ஒரு எண்ணெய் டப்பா, காற்று பம்ப். யார் எடுத்தார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு நோட்டு. ஊக்குநர் வீட்டில் வைக்கலாம், பெண்பிள்ளைகளும் வந்து எடுக்கலாம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஏழு சோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக் கொடுங்க. நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். நல்லா கை வந்த உறுப்பினர் ஒருத்தர் இருந்தால், அவருக்கு அது ஒரு சின்னத் தொழிலாகவும் ஆகலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. நம்ம குழுவில் எத்தனை வீட்டில் சைக்கிள் பழுதாகி மூலையில் கிடக்குது? ஏன்?
2. போன வருஷம் சைக்கிள் ரிப்பேருக்கு ஒவ்வொருத்தரும் எவ்வளவு செலவு செய்தோம்?
3. டூல்ஸ் செட் வாங்கத் தீர்மானம் போடலாமா?
4. மழைக்காலம் வருவதற்கு முன் சைக்கிளை எங்கே உயரமாக வைப்பது?

தோழிகளே, மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் அந்த சைக்கிளை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்க. முதலில் துடையுங்க. அப்புறம் பின்னால் உட்கார்ந்து ஒரு தடவை உற்றுப் பாருங்க. ஒருவேளை கால் சுற்றுத் திருகலிலேயே அது மறுபடி ஓடும்.